அஞ்சலை அக்காவுக்குச் சேர வேண்டிய எலுமிச்சம்பழம்

எப்போதும் எனக்கு முன்னால் ஓடிய லோரியின் அக்காவுக்கு,

உங்களை அவர்கள் கெலிண்டான் ஆக்கிவிட்டார்கள். உங்கள் கருமாதிக்கு நம் லோரி ஓட்டுநர் சங்கம் பேனர் கட்டியது. ‘மறைந்த ஓட்டுநர் கோவிந்தனின் துணைவியாரும், லோரியில் அவருக்கு உதவியாளராக இருந்தவருமான அஞ்சலை அம்மாள்’ என்று அதில் போட்டிருந்தது. உதவியாளர் என்று எவ்வளவு நாகரிகமாக எழுதினாலும், டிரைவர் ஓட்டக் கூடப் போய்க் கன்வாஸ் கயிறு அவிழ்க்கிற ஆளை நாம் கெலிண்டான் என்றுதான் கூப்பிடுவோம். ஸ்டியரிங்கை ஒரு நாளும் இன்னொருவர் கையில் கொடுக்காத உங்களுக்கு அந்தப் பெயர்.

இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? சங்கத்தில் சொன்னேன், கேட்கவில்லை. அதனால்தான் நாலு பேர் படிக்கட்டும் என்று பத்திரிகையில் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆயுத பூசையன்று சாலையோர முனியாண்டி கோவிலில் நம் லோரிகளை வரிசையாக நிறுத்துவோம். இறந்துபோன ஓட்டுநர்களின் பெயரைப் பூசாரி ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். ஒரு பெயருக்கு ஓர் எலுமிச்சம்பழம். அதை முன் சக்கரத்தடியில் வைப்பார்கள், லோரி ஏறி இறங்கும். கெலிண்டானுக்குப் பழம் கிடையாது. இந்த ஆண்டு உங்கள் பெயருக்குப் பழம் இல்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். என் சண்டை இதற்குத்தான்.

சர்க்கரை வியாதி கோவிந்தன் அண்ணனின் வலது காலைக் கொண்டுபோனபோது, லோரியை விலைக்குக் கேட்டு உங்கள் வீட்டு வாசலில் ஆள் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. நானும் அங்கே இருந்தேன். நீங்கள் ஈரக் கையோடு வெளியே வந்தீர்கள்.

“லோரி விக்கிறதா யாரு சொன்னா? கால் போனது அவருக்கு. எனக்கு ரெண்டும் இருக்கே.”

வந்தவர்கள் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. அலோர் ஸ்டாரில் கனரக லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்து, அண்ணனைத் தூக்கிப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். ‘அவரை எதுக்கு அலைய விடுறீங்க?’ என்று கேட்டேன். ‘வீட்டுல குந்த வச்சா சர்க்கரையை விட யோசனைதான் தம்பி ஆளைத் தின்னும்’ என்றீர்கள். 

நம் வேலையைக் கேவலமாக நினைப்பவர்கள் உண்டு. பழைய காகிதம்தானே, குப்பைதானே என்பார்கள். ஒரு தடவை ஏற்றிப் பார்த்தால் தெரியும். யான், கோலா மூடா ஊர்களில் கடைக்காரர்கள் கட்டிப்போட்ட பெட்டிகள், பத்திரிகைகள், பள்ளிக்கூடத்துத் தாள்கள் எல்லாம் லோரியில் ஏறியதும் மூச்சு விடும். கட்டியபோது இறுக்கமாக இருந்த கயிறு பாதி வழியில் தளர்ந்துவிடும். மழை ஒரு பக்கமாக நுழைந்தாலும் காகித மில்லில் கையை விட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். விரித்த பெட்டி அட்டைகளை நீங்கள் நான்கு பக்கமும் சுவர்போல் நிறுத்தி, நடுவில் பத்திரிகைக் கட்டுகளை அடுக்குவீர்கள். கன்வாஸை முன்னாலிருந்து பின்னால் மடித்து இறக்குவீர்கள், காற்று மேலே வழுக்கிப் போகும். நாங்கள் யாரும் அப்படிச் செய்ததில்லை. ஈரம் என்று மில்லிலிருந்து உங்கள் சுமை திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. என்னுடையது வந்திருக்கிறது.

மில் வாசலில் ஒருவன் கேலி செய்தானே, ஞாபகம் இருக்கிறதா?

“என்னக்கா, லோரிக்குச் சேலை கட்டுறீங்களா?”

“ஆமாடா. ஒன் லோரி வழியெல்லாம் அவுத்துப் போட்டுட்டு வருதே, அதுக்கு மொதல்ல ஒரு கைலியாவது கட்டு.”

அவன் வந்த சாலை நெடுகத் தாள் பறந்து கிடந்தது. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் கோவிந்தன் அண்ணனுக்கு இருமல் வந்துவிட்டது.

செர்டாங்குக்கு அப்பால் இருந்த அந்த மில்லுக்குக் கழிவுத்தாள் கொண்டுபோவோம். திரும்பும்போது அலோர் ஸ்டார் பெட்டித் தொழிற்சாலைக்குப் பழுப்புக் காகித ரோல் ஏற்றி வருவோம். மனிதனைவிட உயரமான உருளைகள். ‘போகும்போது குப்பை, வரும்போது மாப்பிள்ளை’ என்பீர்கள். மாப்பிள்ளையைக் குலுக்கக்கூடாது. சட்டென்று பிரேக் அடித்தால் ரோல் கேபினை உடைத்துக்கொண்டு முன்னால் வந்துவிடும். குதித்துத் தப்பிக்க முடியாத ஓர் ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தச் சுமையை இழுத்தவர் நீங்கள்.

மில்லில் நான் படித்ததும் ஒரு கதை. எனக்குப் பள்ளிக்கூடம் அதிகமில்லை. எடைக்குக் காத்திருக்கும்போது என் சுமையிலிருந்து தமிழ்ப் பத்திரிகையை உருவிப் படிப்பேன். ‘படிச்சதும் திரும்பச் சொருகிடு, எடை கொறையும்’ என்று அதட்டுவீர்கள். இப்போது இதை எழுதுகிற தமிழ் அங்கே சேர்ந்ததுதான்.

உங்கள் பெயர் தொலைந்ததும் அதே எடைமேடையில்தான். அங்கே ஒரு பழக்கம் இருந்தது. லோரி மேடையில் ஏறியதும் கெலிண்டான் குதித்துக் கயிறு அவிழ்ப்பான். டிரைவர் இருக்கையை விட்டு இறங்கமாட்டார். எடைக் கிளார்க் வெளியே வராமலே, உள்ளே உட்கார்ந்திருப்பவர் யார் என்று கேட்டு டிரைவர் இடத்தில் எழுதிக்கொள்வார். எல்லா லோரிக்கும் அது சரி. உங்கள் லோரிக்கு மட்டும் தலைகீழ். ஓட்டியவரும் நீங்கள், இறங்கி அவிழ்த்தவரும் நீங்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவர் கால் இல்லாத அண்ணன்.

பாவம், அவர் ஏமாற்றவில்லை. ஜன்னலில் தலையை நீட்டி, “டிரைவர் அவங்கதான் லா, நான் சும்மா பாரம்” என்று கத்துவார். கிளார்க் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்துவிட்டு, டிரைவர் கோவிந்தன் என்று எழுதுவார். கடைசிவரை அப்படியே போயிற்று. நான் ஒரு தடவை போய்ச் சண்டை போட்டேன். ‘விடு தம்பி, பேரா லோரிய இழுக்குது?’ என்று சொல்லி என்னை நீங்கள்தான் இழுத்துக்கொண்டு வந்தீர்கள்.

யானில் நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்கமாட்டேன். ரோல் ஏற்றிக்கொண்டு முன்னால் நீங்கள், பின்னால் நான். ஜெராய் மலை வலது பக்கம், வயல் இரண்டு பக்கமும். மோட்டார் சைக்கிளில் மீன் கூடை கட்டிய ஒருவர் திரும்பிப் பார்க்காமல் உங்களுக்குக் குறுக்கே வளைத்தார். நான் பின்னாலிருந்து பார்த்தேன். உங்கள் பிரேக் விளக்கு ஒரு மினுக்கு மினுக்கி அணைந்தது. பிரேக் அடித்திருந்தால் மீன்காரர் பிழைத்திருப்பார், அண்ணன் ரோலுக்கு அடியில் போயிருப்பார். அடிக்காமல் நேரே போயிருந்தால் மீன்காரர் போயிருப்பார். கால்வாயின் மேல் டிராக்டர் கடக்கிற குறுகிய பாலம் ஒன்று இடது பக்கம் இருந்தது. லோரி அதன்மேல் மெதுவாகச் சாய்ந்து ஏறி, அறுவடை முடிந்த வயலுக்குள் இறங்கி, தாளடியில் உருண்டு உருண்டு தானாக நின்றது. ஒரு ரோல்கூட நகரவில்லை.

நான் ஓடி வருவதற்குள் வயல்கார மலாய்ப் பெரியவர், அந்தப் பாக்சிக், டிரைவர் எங்கே என்று வரப்பில் கத்திக்கொண்டே வந்துவிட்டார்.

“டிரைபர் மானா? டிரைபர் மானா?”

நீங்கள் கதவைத் திறந்து சேற்றில் இறங்கி, நான்தான் என்றீர்கள். “சாயா லா, பாக்சிக். சாயா டிரைபர்.”

அவர் உங்களைப் பார்த்தார். சக்கரத் தடத்தைப் பார்த்தார். பாலத்தின் அகலத்தைத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு கோபம் எங்கே போயிற்றோ, வீட்டிலிருந்து தேநீர் வரவழைத்தார். உங்களுக்குத்தான் முதல் கோப்பை. அண்ணனுக்கு இரண்டாவது.

டிரைவர் யார் என்று அந்த மனிதர் கேட்டார், பதிலை நம்பினார். நம்மவர்கள் ஏன் கேட்கவில்லை அக்கா? மில்லில் நம்மோடு வரிசையில் நின்றவர்கள், உங்கள் கையிலிருந்து ஸ்பானர் கடன் வாங்கியவர்கள், இவர்களுக்கெல்லாம் தெரியாதா?

கோவிந்தன் அண்ணன் இறந்துபோன ஆண்டு, அவர் பெயருக்குப் பழம் வைத்தபோது, மில் வேலை முழுவதையும் அவர் செய்ததாகத் தலைவர் புகழ்ந்து பேசினார். நான் எழுந்துவிட்டேன். நீங்கள் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தீர்கள்.

“இன்னைக்கு அவருக்கு. என் மொறை வரும்போது பேசிக்கோ.”

லோரியையும் அதோடு விற்றுவிட்டீர்கள். பக்கத்தில் பேச ஆளில்லாமல் என்னத்தை ஓட்டுவது என்றீர்கள். உங்கள் முறை வந்துவிட்டது அக்கா. பேசுகிறேன்.

கருமாதி முடிந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்துக்குப் போனேன். இப்போது தலைவர் தனபாலன். நல்ல பையன்தான், ஆனால் யாரையும் பகைத்துக்கொள்ளமாட்டான்.

“அண்ணே, ஓட்டுநர்னா மில்லுல ஓட்டுநரா பேர் இருக்கணும் லா. அக்கா பேருல ஒண்ணும் இல்லையே.”

“லைசென்ஸ் இருக்கு. அவங்க மக செல்விகிட்ட வாங்கிட்டு வந்திருக்கேன், பாரு.”

“லைசென்ஸ் என் தங்கச்சிகிட்டயும் இருக்குண்ணே. அவ சாப்பாட்டுக் கெடாயில உக்காந்து மீ கோரிங் விக்கிறா.”

பின் வரிசையிலிருந்து ரத்தினம் எழுந்தான். “சன்னாசி அண்ணே, என் பொண்டாட்டியும் என் பக்கத்துல உக்காந்து பினாங்கு வரைக்கும் வந்திருக்கா. அவளுக்கும் ஒரு பழம் எடுத்து வைக்கவா?”

எல்லாரும் சிரித்தார்கள்.

“அவள ஓட்ட விட்டிருந்தா நீ லோரிய கால்வாயில விட்டிருக்க மாட்டடா,” என்றேன்.

அதற்கும் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்ததும் தனபாலன் சமாதானம் பேசினான். கோவிந்தன் அண்ணன் பெயரை வாசிக்கும்போது ‘குடும்பத்தார்’ என்று சேர்த்துவிடலாமாம். நீங்கள் குடும்பத்தார்! நான் நாற்காலியை மடித்துச் சுவரில் சாத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

செல்விக்குப் போன் செய்தேன். “மாமா, அப்பா பேர் இருந்தா அம்மா பேர் இருந்த மாதிரிதானே. விடுங்க லா,” என்றாள்.  பிறகு, “அம்மா இருந்தா விடுன்னுதான் சொல்லியிருப்பாங்க. ஆனா எனக்கு விட மனசு இல்ல மாமா,” என்று அழுதுவிட்டாள். அவளும் உங்கள் பிள்ளைதானே.

இன்னொரு சேதி. செர்டாங்கில் ஒரு பெண் டிரெய்லர் ஓட்டுகிறாள். இப்போதெல்லாம் கழிவுத்தாள் இரும்புக்கம்பி போட்டு இறுக்கிய கட்டுகளாக வருகிறது, எடைமேடையில் கிளார்க்குக்குப் பதில் கேமரா. நன்றாக ஓட்டுகிறாள், பின்னால் போய்ப் பார்த்தேன். வருகிற ஆயுத பூசையில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள், ‘நம் வட்டாரத்தின் முதல் பெண் ஓட்டுநர்’ என்று. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்களைப் பற்றி அவளிடம் சொன்னேன். “அப்ப நான் முதல் ஆள் இல்லையா, தாத்தா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “நல்லதாப் போச்சு,” என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே, பூசைக்கு முன்னால் நடக்க வேண்டியவை இவை.

தனபாலன் அந்தப் பேனரைக் கழற்ற வேண்டும். வேறு பேனர் கட்டி, ‘ஓட்டுநர் அஞ்சலை’ என்று மட்டும் போட வேண்டும். இன்னாருடைய துணைவியார் என்ற ஒட்டு வேண்டாம்.

பூசாரி கோவிந்தன் அண்ணன் பெயரைக் கூப்பிடுவதை நிறுத்தக்கூடாது. கால் போகும்வரை அவர் ஓட்டினார், அந்தப் பழம் அவருடையது. அதற்கு அடுத்தாற்போல் உங்கள் பெயரைத் தனியாகக் கூப்பிட்டுத் தனிப் பழம் வைக்க வேண்டும்.

மில் வரிசையில் நின்ற பழைய ஆட்கள், ரத்தினம் உட்பட, கண்ணால் கண்டதைக் கோவிலில் வாய் திறந்து சொல்ல வேண்டும். சிரிக்கத் தெரிந்த வாய்தானே.

செல்வி தட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்க வேண்டும். உங்கள் பழத்தின்மேல் ஏறுகிற லோரியைச் செர்டாங் பெண் ஓட்ட வேண்டும். அவள் சரி என்று சொல்லிவிட்டாள்.

எனக்கும் ஒரு வேலை இருக்கிறது. என் மகனிடம் சொல்லிவிட்டேன், இங்கேயும் எழுதி வைக்கிறேன். அஞ்சலை என்ற பெயரைக் கூப்பிடாத கோவிலில் சன்னாசி என்ற பெயரையும் கூப்பிட வேண்டாம். எனக்கென்று எடுத்து வைக்கிற பழத்தை ஊறுகாய் போட்டுக்கொள்ளட்டும். முதலில் உங்கள் பெயர், அப்புறம்தான் என் பெயர். உங்கள் பெயர் காதில் விழும்வரை நான் சாவதாகவும் இல்லை அக்கா. இது சத்தியம்.

கூடப் பிறக்காத உங்கள் தம்பி,
சன்னாசி
கோத்தா கோலா மூடா