அப்பாவுக்குக் குரல் திரும்பிய வழி

அன்புள்ள அப்பாவுக்கு,

இதை எழுதுவதற்கு முதலில் என்னை மன்னியுங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாது. மதராஸில் நான் கல்லூரியில் இருந்தபோது எழுதியதையெல்லாம் ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிதான் பிரிக்பீல்ட்ஸில் நம் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் நின்று உங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். லயமே கேட்கும் என்று தெரிந்ததால், நலம், நலமறிய ஆவல் என்பதற்கு மேல் நான் எதையும் எழுதியதில்லை. இது யாரும் படித்துக் காட்ட வேண்டாத மடல். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை, கிள்ளானில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில், மதிய மணி அடித்த பிறகு எங்கள் அறையில் அதிமதுர வாசனை வந்தது. செல்லம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு துண்டை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டிருந்தாள். அவளை உங்களுக்குத் தெரியும். உங்கள் கூட்டாளி வீராசாமி மாமாவின் மகள். அங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறாள். தகரக் கூரை, ஒரே கொட்டகையில் மூன்று வகுப்பு. மழை பிடித்தால் கத்தித்தான் ஆக வேண்டும். கத்திக் கத்தி அவளுக்குக் குரல் போய்விட்டது. இந்தத் தவணை முடிவதற்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகத் தலைமையாசிரியை சொல்லியிருக்கிறார்.

“ஏன்க்கா அப்படிப் பாக்குறீங்க? எனக்கு ஒண்ணும் இல்ல” என்று வெறும் காற்றாகச் சொன்னாள்.

“ஒண்ணும் இல்லையா?” என்று நானும் என்னையறியாமல் காற்றாகவே கேட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது. எனக்குத் தொண்டையில் எந்தக் கோளாறும் இல்லை. ஆனாலும் அவளோடு சேர்ந்து நானும் கிசுகிசுத்தேன். இதையேதான் ஒரு காலத்தில் நம் லயம் முழுதும் உங்களோடு சேர்ந்து செய்தது.

தண்டவாளம் தூக்கும் கூட்டத்தில் நீங்கள் மட்டும் கம்பியில் கை வைக்க மாட்டீர்கள். சற்றுத் தள்ளி நின்று குரல் கொடுப்பதுதான் உங்கள் வேலை. தூக்க ஒரு குரல், நடக்க ஒரு குரல், இறக்க ஒரு நீளக் குரல். அந்த நீளக் குரல் எங்கே முடிகிறதோ அங்கேதான் எல்லாரும் ஒன்றாகக் கையை எடுக்க வேண்டும். சாப்பாட்டுத் தூக்கோடு சரளைக் கல் ஓரமாக நின்று நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். உங்கள் மூச்சு தீரும் வரை அத்தனை பேருடைய கால்களும் உங்கள் பொறுப்பில் இருந்தன.

முதலில் குரல் கரகரத்தது. பிறகு காலையில் நன்றாக இருந்து மதியத்தில் அடைத்தது. நீங்கள் இன்னும் பலமாகக் கத்தினீர்கள். ஒருநாள் இறக்குகிற குரல் பாதியிலேயே அறுந்துவிட்டது. ஒரு பக்கத்தார் முடிந்துவிட்டது என்று கையை எடுத்தார்கள். மறுபக்கத்தார் பிடித்துக்கொண்டே நின்றார்கள். கம்பி புரண்டு வீராசாமி மாமாவின் காலில் விழுந்து சுண்டுவிரல் நசுங்கிப் போயிற்று.

“போனாப் போவுது அண்ணே, அந்த வெரல வச்சு நான் என்ன பேனாவா புடிக்கப் போறேன்?” என்று அவர் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு உங்களைச் சிரிக்கவைக்கப் பார்த்தார். நீங்கள் சிரிக்கவில்லை. கங்காணி வந்து, “தொண்ட சரியாவற வரைக்கும் கல்லு அள்ளு. கொரல வேற ஒருத்தன் குடுக்கட்டும்” என்று சொன்னபோதும் தலையை மட்டும் ஆட்டினீர்கள்.

அதற்குப் பிறகுதான் தொண்டைக்கு ஓய்வு கொடுப்பதாக நினைத்து நீங்கள் கிசுகிசுக்க ஆரம்பித்தீர்கள். அம்மா மிளகும் தேனும் கொடுத்தார், கற்பூரவல்லிச் சாறு பிழிந்தார், கழுத்தில் சுண்ணாம்பு தடவினார், பத்துமலைக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டார். நீங்கள் மெல்லக் கேட்க, அம்மா மெல்லப் பதில் சொல்ல, பார்க்க வந்தவர்களும் மெல்லப் பேச, வீடு ஏதோ துக்க வீடு போல ஆகிவிட்டது. பால்காரர்கூட உங்கள் காதோரம் குனிந்துதான், இன்றைக்குப் பால் எவ்வளவு என்று கேட்டார். “அண்ணே, நம்ம பேச்சக் கேட்டா எங்கயோ திருடக் கெளம்புறோம்னு போலீஸ்காரன் புடிச்சிட்டுப் போயிருவான்” என்று வீராசாமி மாமா கிசுகிசுத்தபோதுதான் முதன்முறையாகச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பிலும் சத்தம் வரவில்லை.

அப்போது நான் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்பு. ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு என்னைக் கூட்டிப்போனீர்கள். டாக்டர் காம்பு வைத்த ஒரு சிறு கண்ணாடியை விளக்கில் சூடுகாட்டி உங்கள் வாய்க்குள் விட்டுப் பார்த்தார். உள்ளே குரல் எழும்பும் இடத்தில், இரண்டு பக்கமும் காய்ப்புக் காய்த்திருக்கிறது என்றார். நான் அதைத் தமிழில் சொன்னதும் நீங்கள் உங்கள் உள்ளங்கையை விரித்து அவரிடம் காட்டினீர்கள். “அதேதான்” என்று அவர் தலையசைத்தார். கத்தி வைக்க வேண்டாம், குரலை உபயோகிக்கும் விதத்தை மாற்றினால் தானாகக் கரையலாம் என்று சொல்லி, ஒரு பாதிரியாரின் மனைவியிடம் அனுப்பினார். அந்த அம்மாள் லண்டனில், போரில் பேச்சிழந்து வந்த சிப்பாய்களுக்குப் பேச்சைத் திரும்பப் பழக்கும் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்.

அவர் வீட்டு நாற்காலியின் நுனியில் நீங்கள் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. எனக்கோ நான்கு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சம். அவர் சொல்வதை உங்களுக்கும் நீங்கள் சொல்வதை அவருக்கும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“முதலில் இந்தக் கிசுகிசுப்பை நிறுத்தச் சொல். அது ஓய்வு இல்லை, அதிலும் தொண்டை இறுகுகிறது. மெதுவாக, ஆனால் குரலோடு பேசட்டும். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டால் போதும்” என்றார்.

“அப்ப இத்தன நாளா புண்ணுலயே குத்திக்கிட்டு இருந்தனா? கேளு புள்ள, நல்லாக் கேளு” என்றீர்கள், கிசுகிசுப்பாக.

உதட்டை மூடி, பல்லை நெரிக்காமல், மூக்கும் உதடும் கூசும்படி ‘ம்ம்ம்’ என்று முனகச் சொன்னார். நீங்கள் என் பக்கம் திரும்பி, “நான் என்ன வண்டா? நேத்துப் பொறந்த புள்ளையா? இதச் சொல்றதுக்கா இவங்க கப்பலேறி வந்தாங்க? இத அப்படியே சொல்லிறாத” என்று பொரிந்தீர்கள். அப்பாவுக்கு வெட்கமாக இருக்கிறது என்று மட்டும் நான் சொன்னேன். “அவ்வளவு நீளப் பேச்சுக்கு இவ்வளவுதானா?” என்று அந்த அம்மாள் சிரித்துவிட்டார். பிறகு அவரே முதலில் முனகினார். என்னையும் முனகச் சொன்னார். இரண்டு பெண்கள் வண்டுபோல முனகிக்கொண்டிருக்கும்போது நீங்கள் மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பது அதைவிட வெட்கம் என்று தோன்றியதோ என்னவோ, நீங்களும் சேர்ந்துகொண்டீர்கள்.

வேலையில் குரல் கொடுப்பதுபோல ஒருமுறை கொடுத்துக் காட்டச் சொன்ன நாளில் நீங்கள் கொடுத்த குரலுக்கு, அடுப்படியிலிருந்து சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். அந்த அம்மாள் சுவர்க் கண்ணாடியில் உங்கள் கழுத்து நரம்பைக் காட்டினார். உங்கள் கையை எடுத்து உங்கள் வயிற்றில் வைத்து, மூச்சு இங்கிருந்து வரட்டும், கழுத்து சும்மா இருக்கட்டும் என்றார். நீங்கள் கனைக்கும்போதெல்லாம் தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தார். புகையிலையை நிறுத்தச் சொன்னார். அதற்குத்தான் உங்களுக்குக் கோபம் வந்தது.

இன்னொரு நாள் அவர் கேட்டார், “குரல் திரும்பினால் முதலில் யாரிடம் என்ன சொல்ல விருப்பம்?” கங்காணியிடம் ஏதோ சொல்வீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் என்னைப் பார்க்காமல் சொன்னீர்கள்: “இந்தப் புள்ள புஸ்தகத்தப் படிச்சிக்கிட்டே தண்டவாளத்தக் கடந்து வரும். ரயிலு வர்ற நேரத்துல நான் கூப்புட்டா அதுக்குக் கேக்கணும். அதான்.” அதை நான் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். “தன் மகளை” என்று தொடங்கினேன். அந்த மகள் வேறு யாரோ என்பதுபோலச் சொல்லி முடித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

பழைய குரல் முழுதாக வரவில்லை. வந்தது வேறொரு குரல், கொஞ்சம் சிறியது. ஆனால் மாலை வரை தாங்கியது. கத்தலில் ஆரம்பிக்காமல் ஒரு ‘ம்’மில் ஆரம்பித்து மேலே ஏற்றினீர்கள். முடிகிற இடத்தைக் குரல் மட்டும் ஏன் சொல்ல வேண்டும், கை இருக்கிறதே என்று அந்த அம்மாள் கேட்டதிலிருந்து, இறக்கும்போது கையை உயர்த்தி, குரல் முடியும் நொடியில் கீழே விட்டீர்கள். நீங்கள் மறுபடி குரல் கொடுக்க நின்ற முதல் நாள் ஆட்கள் தயங்கினார்கள். வீராசாமி மாமா நொண்டிக்கொண்டே போய், “நவுருங்கடா, முன்பக்கம் நான் புடிக்கிறேன். மிச்சம் ஒம்பது வெரலு இருக்குல்ல” என்று கம்பியைப் பிடித்தார். கம்பி சத்தமில்லாமல் கட்டைமேல் உட்கார்ந்தது.

அன்று மாலை கூட்டாளிகள் வீட்டுக்கு வந்தார்கள். “முருகன் குடுத்துட்டாரு!” என்று லயமே சொன்னது. வாரா வாரம் நீங்கள் பாதிரியார் வீட்டுக்குப் போனது புல் வெட்டத்தான் என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். நீங்கள் மறுக்கவில்லை. அவர்கள் போன பிறகு என் கையைப் பிடித்து உங்கள் தலையில் வைத்துக்கொண்டீர்கள். “அந்த ம்ம்ம் சங்கதி யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா சாகுற வரைக்கும் என்ன வண்டுன்னுதான் கூப்புடுவானுங்க. சத்தியம் பண்ணு.” பண்ணினேன். அம்மா பக்கத்தில் நின்று, “முருகன்தான் அந்தம்மா வீட்டக் காமிச்சான். ரெண்டும் ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டுப் பால்குடத்துக்கு மஞ்சள் துணி நனைக்கப் போனார்.

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. அந்த அம்மாளும் எப்போதோ சீமைக்குத் திரும்பிவிட்டார். அவர் சொல்லித் தந்தது இந்த ஊரில் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் நானே தமிழில் சொன்னதால் ஒன்றும் மறக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும்போது என் மூச்சும் வயிற்றிலிருந்துதான் வருகிறது. கடைசிப் பெஞ்சுக்கும் கேட்கிறது, அப்பா. நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை செல்லம்மாளிடம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம், நானும் வருகிறேன், கண்ணாடி விட்டுப் பார்ப்பார்கள், பிறகு பழக்கிச் சரிசெய்யலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். “ஆஸ்பத்திரி எதுக்குக்கா? பெரியப்பாவுக்கு மருந்தா குடுத்தாங்க? முருகன்தான குடுத்தாரு? எங்கப்பா சொல்லாத நாளில்ல. நானும் வெரதம் இருக்கேன். இப்படியே மெள்ள மெள்ளப் பேசிக்கிட்டு இருந்தா வந்துரும்.”

உங்கள் கதையைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருக்கிறாள், அப்பா. அதில் பாதிதான் அவளிடம் இருக்கிறது. அந்தப் பாதியை நம்பி நாளெல்லாம் கிசுகிசுக்கிறாள். உங்களுக்குப் பண்ணின சத்தியத்தை நினைத்து அங்கிருந்து எழுந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை ரயிலில் கிள்ளானுக்குப் போகிறேன். அவளைத் தனியாக உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். அவளைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன். அம்மாவின் நேர்த்திக்கடனைக் குறைத்துப் பேச மாட்டேன். வீராசாமி மாமாவுக்குத் தெரியவந்து அவர் உங்களை வண்டு என்றே சொன்னாலும், அழுதுகொண்டுதான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். அன்று உங்கள் தலையில் வைத்த என் கையை இப்போது எடுத்துவிடுங்கள், அப்பா. நான் அவளிடம் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மகள்