தாமரையின் படம்

6 ஜூலை 2025, ஞாயிறு

கிள்ளானில் நாங்கள் சென்ற முறை போட்ட நாடகத்தைப் பார்க்க வந்தவர்களைவிட மேடையில் நின்றவர்கள் அதிகம். நோட்டீஸ் அடித்துச் சாப்பாட்டுக் கடைகளில் ஒட்டினால் போதும் என்று பழனியப்பன் அண்ணன் இன்னும் நம்புகிறார். எங்கள் நாடகக் குழுவின் தலைவர். அவரை மீற முடியாது. இணையத்திலும் விளம்பரம் செய்யலாம் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்ததற்கு, இன்று பிரிக்பீல்ட்ஸ் ஒத்திகையில் ஒருவழியாக இறங்கி வந்தார். “செலவில்லாம செய்ய முடியும்னா செய்ங்க, கலா.”

வீட்டுக்கு வந்ததும் குழுவுக்கு முகநூல் பக்கம் தொடங்கிவிட்டேன்.

9 ஜூலை

தாமரை வசனம் மறந்து, வாயைப் பொத்திச் சிரித்த படத்தைப் போட்டேன். கீழே ஒத்திகை மண்டபத்தின் பெயர். தாமரை பங்சாரில் பல் கிளினிக்கில் வேலை செய்யும் பெண், குழுவில் புதியவள். அதிகம் பேசமாட்டாள், மேடை ஏறினால் வேறு ஆள். மாலைக்குள் யார் யாரோ பகிர்ந்துவிட்டார்கள். அலுவலகத்தில் வேலையே ஓடவில்லை. கைப்பேசியைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

11 ஜூலை

முகநூல் பக்கத்துக்கு முதல் ரசிகர் எழுதினார். பெயர் குரு. ‘படத்தில் இருப்பவர் நன்றாக நடிப்பார் போல. எப்போது ஒத்திகைக்கு வருவார்?’ ஞாயிறு மாலை எல்லோரும் இருப்போம், நீங்களும் வாருங்கள் என்று உடனே பதில் போட்டேன்.

13 ஜூலை, ஞாயிறு



குரு வந்தான். நல்ல சட்டை, கையில் ஒரு பை நிறைய கறிபாப் பலகாரம். எல்லோருக்கும் வணக்கம் சொன்னான். தாமரை நாற்காலி தூக்கிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் நாற்காலியைக் கீழே வைத்தாள். பின்கதவு வழியாகப் போய்விட்டாள். கைப்பையைக்கூட எடுக்கவில்லை.

“அவ எங்க தங்கியிருக்கா?” என்று என்னிடம் கேட்டான். ‘அவ’ என்றான்.

உடை தைத்துத் தரும் சுலைகா அக்கா எங்கள் நடுவில் வந்து நின்றார். “ஹால் மூடப் போறோம் பாஸ். கெளம்புங்க.”

அவன் போன பிறகு என்னை ஓரமாக இழுத்துச் சொன்னார். “அது அவ புருஷன், கலா. பந்திங்ல இருக்கும்போது அவ கைய ஒடச்சிருக்கான். அதான் என் வீட்ல தங்க வெச்சிருக்கேன். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கெஞ்சுனா.”

14 ஜூலை

பக்கத்திலிருந்து படத்தை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன? பகிர்ந்தவங்ககிட்ட எல்லாம் இருக்கே. ‘தாமரை, இதப் போடட்டுமா?’ — ஒரு வார்த்தை. அத ஏன் கேக்கல? நல்லா சிரிச்சா, போட்டுட்டேன். எனக்கு என்ன உரிமை?

16 ஜூலை

எங்கள் நாடகக் குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து தாமரை விலகிவிட்டாள். “ரெண்டு லைக் வந்தோன்ன ஸ்டைலு காட்றா லா” என்று எங்களோடு நடிக்கும் பிரவின் எழுதினான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. உண்மையைச் சொல்லலாம் என்று தட்டச்சு செய்தேன், பிறகு அழித்தேன். அதுவும் அவளைக் கேட்காமல் சொல்வதுதானே.

19 ஜூலை, சனி

தாமரை விட்டுப்போன கைப்பையை எடுத்துக்கொண்டு சுலைகா அக்கா வீட்டுக்குப் போனேன். தாமரைதான் கதவைத் திறந்தாள்.

“அவன வரச் சொன்னது நான்தான்மா.”

“தெரியும்க்கா.”

மன்னித்துவிடு என்றேன். “பந்திங்லருந்து கிள்ளானுக்கு ஓடுனேன். கிள்ளான்லருந்து இங்க. இன்னும் எங்கக்கா போறது?” என்றாள்.

நான் கிளம்பும்போது சொன்னாள்: “படம் நல்லாத்தான் இருந்துச்சு.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

22 ஜூலை

தாமரை, சுலைகா அக்கா, நான் மூவரும் போலீஸ் நிலையம் போனோம். தாமரை தானாகத்தான் முடிவெடுத்தாள். குரு எனக்கு அனுப்பியவற்றைக் காட்டினேன். ‘வாருங்கள்’ என்ற என் பதிலையும் அங்கிருந்த பெண் அதிகாரி படித்தார். நகல் எடுத்துக்கொண்டார். அவன் அவளை நெருங்கக்கூடாது என்று பாதுகாப்பு ஆணைக்கு மனு கொடுத்தோம்.

27 ஜூலை, ஞாயிறு

ஒத்திகை வேறு இடத்துக்கு மாறியது. முகநூல் பக்கத்தில் அதைப் போடவில்லை, ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். தாமரை வந்தாள். பிரவின் ஏதோ கேட்க வாயெடுத்தான். “வேணாம்” என்றேன். விட்டுவிட்டான்.

இனி யார் முகத்தையும் கேட்காமல் போடுவதில்லை. மேடைத் திரையையும் தொங்கும் உடைகளையும் படம் எடுத்துப் போட்டேன். “மூஞ்சியே இல்லாம யாரு வருவா?” என்றார் அண்ணன்.

“தெரியலண்ணே.”

5 ஆகஸ்ட்

பாதுகாப்பு ஆணை கிடைத்துவிட்டது. இன்று புதிதாக ஒருவர் பக்கத்துக்கு எழுதியிருக்கிறார்: ‘அடுத்த ஒத்திகை எங்கே?’ உண்மையான ரசிகராக இருக்கலாம். பதில் போடவில்லை.

17 ஆகஸ்ட், ஞாயிறு

கிள்ளானில் பகல் காட்சி. அரங்கில் பாதிக்கு மேல் ஆட்கள். பழனியப்பன் அண்ணன் உள்ளே வரவே இல்லை. குருவைப் பற்றித் தாமரையே அவரிடம் சொல்லியிருந்தாள்; அவன் வருகிறானா என்று வாசலில் நின்று வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் ஒத்திகை பார்த்த மனிதர், நாடகத்தைப் பார்க்கவில்லை. தாமரை ஒரு வசனம்கூட மறக்கவில்லை.

21 ஆகஸ்ட், வியாழன்

தாமரை, சுலைகா அக்கா, அண்ணன், நான் — நான்கு பேருக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் ஒரு குழு. பெயர் வைக்கவில்லை. வேலை முடிந்து வந்ததும் அவள் அதில் எழுத வேண்டும். இன்று ரயில் தாமதம் என்று செய்தியில் பார்த்தேன். வழக்கமான நேரம் கடந்தும் ஒன்றும் வரவில்லை. ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

பிறகு வந்தது. ‘வீட்டுக்கு வந்துட்டேன். கதவப் பூட்டிட்டேன்.’

‘சரிம்மா’ என்று போட்டுவிட்டு அரிசி கழுவப் போனேன்.