பன்னிப்பாகத்து நாய்

என்னிடம் பொய் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்த என் அன்பு அத்தானுக்கு,

நேற்று நானும் நம் மகள் மினியும் திக்குறிச்சிக்குப் போனோம். சிவராத்திரிக்கான சிவாலய ஓட்டம் தொடங்குகிற நாள். வருடா வருடம் காவி கட்டி, பனையோலை விசிறியைப் பிடித்து, "கோவிந்தா, கோபாலா" என்று கூவிக்கொண்டு பன்னிரண்டு சிவன் கோயிலுக்கும் ஓடப் போவீர்கள். வாசலில் நின்று அனுப்பி வைத்ததோடு சரி, ஒரு கோயிலுக்குக்கூட நான் வந்ததில்லை.

சாமி கும்பிடப் போகவில்லை அத்தான். அந்த விசிறியை ஆற்றில் விடப் போனேன். ஆடி மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சாய்ந்ததிலிருந்து, அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓடி ஓடித்தான் உங்கள் நெஞ்சு ஓய்ந்தது, கதவைப் பூட்டியாவது தடுக்காத பாவி நான்தான் என்று எத்தனை நாள் சோறு இறங்காமல் கிடந்தேன், தெரியுமா?

இரண்டாவது கோயிலான திக்குறிச்சியைத்தான் நீங்கள் எப்போதும் புகழ்வீர்கள். பொய்யில்லை. ரப்பர் மரங்களுக்குள் போன ஒற்றையடிப் பாதை சட்டென்று ஆற்றங்கரையில் முடிந்தது. ஓட்டக்காரர்கள் குளித்துவிட்டு ஈரத்துணியோடு ஏறி ஏறி, படிக்கல்லெல்லாம் நடுவில் குழிந்திருந்தது.

நான் படியிறங்கவும், மேலே பந்தலில் சுக்குக்காப்பி காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு அம்மா கரண்டியோடு ஓடி வந்தார்.

"நில்லுங்க அக்கா! இது நம்ம மயிலாடிக்கார அண்ணனுக்க விசிறியில்லா?"

விசிறி ஓரத்தில் நான் தைத்த சிவப்புத் துணியை அடையாளம் கண்டுவிட்டார். பெயர் லீலா, ஆற்றுப் படிக்குப் பக்கத்தில்தான் வீடு. நீங்கள் போய்விட்டீர்கள் என்றதும் அப்படியே உட்கார்ந்து அழுதார்.

"அப்போ இந்த வருசம் காப்பி யாரு ஊத்துவா? மூணு வருசமா அண்ணன்தானே இஞ்ச நின்னு ஊத்துவாரு. முதல் கோயிலு முஞ்சிறையில இருந்து ஓடி வருவாரு, இஞ்ச நிறுத்திருவாரு."

"காலு வீங்கித்தானே வீட்டுக்கு வருவாரு?" என்றேன்.

"விடிய விடிய நின்னு ஊத்தினா வீங்காதா அக்கா?"

மினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு வந்ததே கோபம்! மூன்று வருடம் அந்தக் காலை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்தேனே. ஆறாவது கோயிலான பன்னிப்பாகத்துப் பக்கம் நாய் துரத்தியது, வேட்டியைக் கவ்வியது என்று கதை அளந்தீர்களே, எந்த நாய் அத்தான் அது?

"ஏன் ஓடலியாம்?" என்று கேட்டேன்.

"வீட்டுக்காரி ஓடாதீங்கன்னு கரைஞ்சாளாம். ஓடினா அவ கரைவா, ஓடல்லண்ணா ஊருக்காரனுவ சிரிப்பானுவ, அதான் இஞ்ச நிக்கேன் லீலான்னு சொல்லுவாரு."

மூன்று வருடத்துக்கு முன்பு, உங்களுக்கு மூச்சு வாங்குகிறதே என்று வாசலை மறித்துக்கொண்டு அழுதேன். காதே கேட்காதவர் மாதிரி விசிறியை எடுத்துக்கொண்டு போனீர்கள். கேட்டிருக்கிறது. என் பேச்சைக் கேட்டுத்தான் இருக்கிறீர்கள். அதை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? நான் சிரிக்கவா போகிறேன்? சரி, கொஞ்சம் சிரித்திருப்பேன்.

அந்தப் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். இத்தனை மாதம் அழுததெல்லாம் வேறு, இது வேறு.

சாயங்காலம் முதல் கூட்டம் "கோவிந்தா" என்று வந்து இறங்கியது. லீலா கரண்டியை என் கையில் கொடுத்தார். நான் ஊற்றினேன். மினி உங்கள் விசிறியால் வந்தவர்களுக்கெல்லாம் வீசினாள். முதல் தம்ளரைக் கொஞ்சம் சிந்திவிட்டேன்.

விசிறி வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது. இனி ஒவ்வொரு சிவராத்திரிக்கும் அந்தப் பந்தலில் நான் நிற்பேன். ஊரில் யார் கேட்டாலும், என் வீட்டுக்காரர் கடைசி வருடம்வரை பன்னிரண்டும் ஓடினார் என்றுதான் சொல்வேன். அந்த நாயையும் விடாமல் சொல்வேன்.

ஓடாத காலுக்கு எண்ணெய் தேய்த்த,
உங்கள் பெண்டாட்டி,
பகவதி