அண்ணியின் இடது தோள்

அன்பு மகளுக்குச் சித்தப்பா ஆசியோடு எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும், ஆனால் நலமாக இருப்பது நான் ஒருவன்தான், அதுவும் என் உடம்பு இரும்பு என்பதால். உன் அம்மாவுக்கு இடது தோள் பிடித்துக்கொண்டு கை காதுக்கு மேலே போகமாட்டேன் என்கிறது. சலவைக்கடையில் இஸ்திரி போட்ட சட்டையை மேல் கம்பியில் மாட்ட அண்ணி முக்காலி போட்டு ஏறுகிறார். முதலாளி வேறொருத்தியை வரவழைத்து அண்ணியின் மேசையிலேயே நிற்கவைத்துப் பழக்குகிறான். அடுத்த வாரம் முக்காலி இல்லாமல் மாட்டிக் காட்டு, இல்லாவிட்டால் வீட்டில் இரு என்று சொல்லிவிட்டான்.

தோள் பிடித்த புதிதிலேயே நீ அங்கிருந்தபடியே ஒரு கண்ணாடிக் கட்டடத்து மசாஜ் நிலையத்தில் பணம் கட்டி அனுப்பினாய், கெட்டிக்காரி! மங்கலான விளக்காம், தண்ணீர் சொட்டுகிற பாட்டாம், நகத்துக்குச் சாயம் பூசவா என்று கேட்டார்களாம். தோளை மட்டும் பூ பறிக்கிற மாதிரித் தொட்டுவிட்டு, ரிலாக்ஸா இருங்க மேடம் என்று அனுப்பிவிட்டார்கள். நான் போய் ஒரு சத்தம் போட்டேன் பார், மேனேஜர் வெலவெலத்துப் போனான், மாடிக் கண்ணாடி இன்னும் அதிர்கிறதாம். காசைத்தான் திருப்பித் தரவில்லை.

பிறகு ஊரையே சல்லடை போட்டுச் சலித்து, மசாஜ் கற்றுக்கொடுக்கிற பள்ளி ஒன்றைக் கண்டுபிடித்தேன். படிக்கிற பிள்ளைகள் ஆசிரியை பார்த்துக்கொண்டிருக்கப் பிடித்துவிடுவார்கள், ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுதான். என்னைத் தவிர யாருக்கும் தெரியாத இடம், வாசலில் வரிசை நின்றது வேறு விஷயம். அண்ணிக்குப் பயம். தம்பி, பழகுற பிள்ளைங்க, கையத் திருகி விட்டுடுவாங்க, மொதல்ல நீங்க படுத்துப் பாருங்க என்றார். நம் வீட்டில் புதிதாக எது வந்தாலும் முதலில் என் தலையில்தானே சோதனை. படுத்தேன். பிடித்துவிட்ட பெண்ணின் முறையைக் கண்ணை மூடி ஆராய்ந்துகொண்டிருந்தேன், குறட்டை விட்டேன் என்று அண்ணி சொன்னால் நம்பாதே. எழுந்து பார்த்தால் எங்கள் நேரம் முடிந்துவிட்டது. மறு வாரம்தான் அண்ணி படுக்க முடிந்தது.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். ஆசிரியை கழுத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, வேலை செய்யும்போது போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டுப் பேசுவீங்களாம்மா என்று கேட்டார். அண்ணி என்னைப் பார்க்கிறார், நான் சுவரைப் பார்க்கிறேன். யாரோடு பேசுகிறார்? உன்னோடுதான்! வலது கையில் இஸ்திரிப்பெட்டி, இடது கையில் துணி, காதுக்கும் தோளுக்கும் நடுவே உன் வீட்டுக்காரனோடு நீ போட்ட சண்டை, உன் ஆபீஸ்காரி முறைத்தது, உன் தூக்கம் வராத கதை. தினமும் நீ இறுக்குகிற முடிச்சை அந்தப் பெண் வாரம் ஒரு தடவை பிசைந்து எப்படி அவிழ்ப்பாள்? அறிவு வேண்டாமா உனக்கு? காதில் செருகுகிற ஒயர், உலகத்திலேயே உசத்தியான ரகம், வாங்கிக்கொடுத்தேன். மறுநாளே கழற்றிப் பையில் போட்டுவிட்டார். அதுல பேசினா அவ எங்கியோ இருக்கா தம்பி, தோள்ல வச்சாத்தான் சாஞ்சுக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு என்கிறார். அவரைத் திட்ட முடியாததால்தான் உன்மேல் இவ்வளவு எரிச்சல்.

அண்ணி நிறுத்தமாட்டார், கை போனாலும் போகட்டும் என்பார். ஆகையால் நீதான் நிறுத்த வேண்டும். அம்மா வீட்டுக்கு வந்து, நாற்காலியில் சாய்ந்து, போனைக் கையில் பிடித்த பிறகு கூப்பிடு. மாப்பிள்ளையோடு சண்டையைக் குறை, நேரத்துக்குச் சாப்பிடு, நீ தீர்க்காயுசாக இருப்பாய். ஞாபகம் வைத்துக்கொள், அம்மாவின் வேலை நேரத்தில் உனக்கு அழுகை வந்தால் எனக்குப் போன் அடி. உன் அம்மா மாதிரிப் பொறுமையாகக் கேட்க எனக்குத் தெரியாது, நடுவில் என் பெருமையும் கொஞ்சம் பேசுவேன். ஆனால் எனக்கு இரண்டு தோளும் சும்மாதான் இருக்கிறது.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் சித்தப்பா