இசக்கியம்மாளுக்காக நீ செய்த தப்புகள்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பகலெல்லாம் பள்ளி, அப்புறம் பாப்பா. அவள் தூங்கிய பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. மணி பன்னிரண்டரை.

எழுதக் காரணம் ஒரு சத்தம். சாயங்காலம் சாதம் வடித்துக்கொண்டிருந்தபோது போனில் அந்த மணி அடித்தது. வெள்ளிக்கிழமைத் தேர்வை ஒரு பிள்ளை முடித்தால் வகுப்பாசிரியர் போனுக்கு வருமே, அதே மணி. நீ போன பிறகு உன் பத்தாம் வகுப்பை என்னிடம்தான் தந்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிற தற்காலிக ஆள் நான், எனக்கு ஒரு வகுப்பு! எடுத்துப் பார்த்தேன். 'இசக்கியம்மாள். தேர்வு முடிந்தது. வீட்டிலிருந்து.'

இசக்கியம்மாள் பள்ளிப் பக்கமே வந்து ஐந்து மாதம் ஆகிறது. அவளுக்குப் பதிலாக வாராவாரம் அந்தத் தேர்வை எழுதிக்கொண்டிருந்தது நீ. நீ இறந்து ஐந்து வாரம் ஆகிறது.

உன்னைக் கையும் களவுமாகப் பிடித்த நாள் ஞாபகம் இருக்கிறதா? லேபில் ஏசி ஓடும் என்று மதியச் சாப்பாட்டை அங்கேதான் திறப்போம். வலது கையில் புளிசாதம், இடது கையால் போனைத் தட்டிக்கொண்டிருந்தாய். எட்டிப் பார்த்தேன். அடைப்புக்குறியைப் பிரிக்கிற கணக்கு. தப்பான விடையைத் தொட்டாய்.

"ஏய் கணக்கு டீச்சர், தப்பு டீ. உள்ள இருக்கிற மைனஸும் ப்ளஸ்ஸா மாறணும்ல?"

"எனக்குத் தெரியும். இசக்கிக்குத் தெரியாதே."

நான் முறைத்ததைப் பார்த்துச் சிரித்தாய். "இன்னாடி முறைக்கிற? ரெண்டு மாசம் டெஸ்ட் எழுதலன்னா மிஷினே பேரச் சிவப்பாக்கிடும். சிவப்பானா ஹெச்.எம். பேர அடிச்சிடுவாரு. அப்பால அந்தப் பொண்ணு திரும்பி வந்தா எங்க உக்காரும்? பஸ்ஸுல துண்டு போட்டு சீட்டு புடிக்கிறதில்ல? அப்படித்தான் புடிச்சிகினு இருக்கேன்."

"அப்ப பதினஞ்சும் சரியா போட்டுத் தொலைய வேண்டியதுதான?"

"போடி லூசு. பதினஞ்சு வாங்குனா அது இசக்கி இல்ல, நானு."

அன்றைக்குச் சிரித்துவிட்டேன். பிறகுதான் நீ எவ்வளவு தூரம் போயிருந்தாய் என்று தெரிந்தது. அவள் விட்டுப்போன கணக்கு நோட்டைக் கைப்பையிலேயே வைத்திருந்தாய். எந்தக் கணக்கில் எங்கே சறுக்குவாள் என்று மற்றவர்கள் பாடம் படிப்பதுபோல் படித்திருந்தாய். அடைப்புக்குறிக்கு முன்னால் மைனஸ் வந்தால் முதல் உறுப்பை மட்டும் மாற்றுவாள், இரண்டாவதை மறந்துவிடுவாள். வடிவியல் என்றால் நான்கு நிமிடம் திகைத்து நிற்பாள். நீயும் சோற்றை மென்றபடி நான்கு நிமிடம் காத்திருந்து அப்புறம் தொடுவாய். வாராந்தர அறிக்கையில் அவள் பெயர் பச்சையாகவே இருந்தது. தினமும் வந்து பின்பெஞ்சில் தூங்குகிற பிள்ளைகளைவிட அந்தத் தாளில் அவள்தான் உயிரோடு இருந்தாள். தெரிந்தே அதில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு புதன்கிழமை, ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி. அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

அந்த வெள்ளிக்கிழமை வினாத்தாள் வழக்கம்போல் மதியம் பன்னிரண்டு மணிக்குத் திறந்தது. மறுநாள் அறிக்கையைப் பார்த்தேன். இசக்கியம்மாள், பதினைந்துக்குப் பதினொன்று. தப்பான நான்கும் அவளுடைய தப்புகள். வடிவியலில் நான்கு நிமிடம்.

உன் போனை வீட்டில் யாரோ எடுத்துவைத்து விளையாடுகிறார்கள் என்று நினைத்து உன் வீட்டுக்காரரைக் கேட்டேன். "அது வண்டியோட சேந்து நசுங்கிடுச்சு சிஸ்டர், சிம்மைக்கூட எடுக்க முடியல" என்றார்.  

அடுத்த வெள்ளியும் பதினொன்று. இசக்கியின் கடவுச்சொல்லை மாற்றிவிடலாம் என்று லேபில் உட்கார்ந்தேன். பாதி அடித்த பிறகு, இது நீயாக இருந்தால் உள்ளே வர முடியாமல் வெளியே நிற்பாயே என்று தோன்றியது.  அப்படியே கணினியை அணைத்துவிட்டு வந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மண்ணூருக்குப் போனேன். இசக்கி குடும்பம் இருந்த லைன் வீட்டுக்கார அம்மா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தென்காசிக்காரங்களா? காலி பண்ணி மாசக்கணக்கா ஆவுது. பொண்ண எங்கியோ லேடீஸ் ஹாஸ்டல்ல கூட்டிப் பெருக்க வுட்டிருக்காங்களாம். எந்த ஹாஸ்டல்னு யாரு கண்டா? இதையேதான போன வாரம் வந்த டீச்சர்கிட்டயும் சொன்னேன்."

"எந்த டீச்சர்?"

"கண்ணாடி போட்டுகினு, ஒல்லியா. கையில ஒரு நோட்டு இருந்துச்சு."

"போன வாரமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

அவள் ஒரு சட்டையை உதறினாள். "போன வாரமோ, போன மாசமோ. என் புள்ளைங்க ஷிப்ட் மாறி மாறி வந்து எனக்குக் கெழமையே மறந்து போச்சு, போ."

நீ வந்தது போன மாதமாகத்தான் இருக்கும். பஸ் ஏறும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

இன்று காலை ஹெச்.எம். கூப்பிட்டார். பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் நாளை பத்து மணிக்குப் போக வேண்டும். "வருகைப் பதிவுல மருத்துவ விடுப்புன்னு உங்க ஃப்ரெண்டு போட்டு வெச்சிருக்காங்க. ஆள யாரும் பாக்கல. டெஸ்ட்ல மட்டும் ஆள் இருக்கு. இருக்கிற பொண்ணா, இல்லாத பொண்ணான்னு எழுதிக் குடுங்க மேடம். பின்னாடி பிரச்சனை வந்தா நான் பேச மாட்டேன்."

பெயரை அடித்தால் என் வேலை தப்பும். ஆனால் அவள் எங்கோ ஒரு ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து யாருடைய போனையோ இரவல் வாங்கி எழுதிக்கொண்டிருந்தால்? பத்தாவது இல்லாதவளை இந்தப் பக்கம் எந்த கம்பெனி கேட்டிலும் துடைப்பத்தோடுதான் உள்ளே விடுவார்கள்.

அதனால்தான் இன்றைய அறிக்கையைத் திறந்து பார்க்கவே பயமாக இருந்தது. பன்னிரண்டு. அடைப்புக்குறிக் கணக்கு சரியாக இருக்கிறது. முதலில் பழைய தப்பைத் தொட்டு, ஒரு நிமிடம் நின்று, மாற்றியிருக்கிறது.

உனக்கு அவளுடைய பழைய தப்புகள்தான் தெரியும். அவள் கற்றுக்கொண்டதை நீ எப்படி அறிவாய்? அப்படியென்றால் இது அவள்தான். எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தேன். வந்து உட்கார்ந்ததும், நாளைதான் கடைசி நாள் என்பது உனக்கும் தெரியும் என்ற நினைப்பு வந்தது. என்னை நம்பவைக்க ஒரு மதிப்பெண் போதும் என்பதும் உனக்குத் தெரியும்.

பால்வாடியில் பாப்பாவுக்கும் ஓர் எண் கொடுத்துவிட்டார்கள். நட்சத்திரமெல்லாம் போனிலேயே வருகிறது. நான் நட்சத்திரங்களைப் பார்ப்பதில்லை. அவள் தப்புகளை மனப்பாடம் செய்கிறேன். இடது செருப்பை வலது காலில் போடுவாள். நான்கை விட்டுவிட்டு ஐந்து சொல்வாள். நாளை யாராவது இவள் இருக்கிறாளா என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டுமே. உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் இது.

'இருக்கிறாள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மை காய்ந்துவிட்டது. ஆனால் பொதுத்தேர்வை போனில் எழுத முடியாது. ஹாலில் ஆள் வந்து உட்கார வேண்டும், அது உன்னால் ஆகாது. அவள் எந்த ஹாஸ்டலில் இருக்கிறாள் என்று உனக்குத் தெரிந்திருந்தால் தெருப் பெயரை மட்டும் சொல். நான் போய்க் கூட்டி வருகிறேன். எழுதுவது நீதான் என்றால் அதையும் சொல்லிவிடு, கோபித்துக்கொள்ள மாட்டேன்.

சீக்கிரம் பதில் போடு.