மாத்திரைச் சிவப்பு

மார்ச் 4

அன்புள்ள சிடுமூஞ்சிக்கு,

நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போனதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடத்தில் உட்கார்ந்தால் சமையலறைக்குப் போகத் தோன்றுகிறது. போனால் எதற்கு வந்தோம் என்று தெரியவில்லை. போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால்தான் கடிதம்.

உனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், நரம்பு வியாதி என்று உன் கண்ணாடிக் கடை முதலாளியிடம் சொன்னது உன் நல்லதுக்குத்தான். நாள் முழுக்க கவுன்டரில் நிற்கிறாயே என்றுதான். அவர் உன்னைப் பின்னறையில் பார்சல் கட்ட உட்கார வைப்பார் என்று எனக்கென்ன ஜோசியமா தெரியும்? அவரிடம் சொன்னதை நான் உன்னிடம் சொன்னதும் உன் முகமும் கழுத்தும் சிவந்த சிவப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இன்னுமா கோபம்?

உன் தூங்குமூஞ்சி

மார்ச் 9

என்னங்க,

கோபம் கிடக்கட்டும். புது மாத்திரை பண்ணும் கூத்தைக் கேளுங்கள். விழுங்கிய அரை மணியில் முகம், காது, கழுத்தெல்லாம் சிவந்து எரிகிறது, பிறகு அரிப்பு. "யாரும்மா உன்ன என்ன சொன்னா?" என்று அண்ணி பதறுகிறார். அவர் மகளோ, "அத்தை வெக்கப்படறாங்க" என்கிறாள்.

உடம்பின் காவல்படையே என் நரம்பைக் கடிக்கிறது என்று அதை அடக்க மாத்திரை. அந்த மாத்திரை தோலோடு வம்புக்கு வருகிறது. நிறுத்திவிடலாமா என்று தவிப்பாக இருக்கிறது. டாக்டரை நானே கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் யாரிடமும் பேசப் போக வேண்டாம்.

சிடுமூஞ்சி

மார்ச் 13

அன்புள்ள சிடுமூஞ்சிக்கு,

மனசு கேட்கவில்லை, டாக்டரைப் பார்த்துவிட்டேன். "அவங்களா நிறுத்த வேண்டாம். சாப்பாட்டோட போடச் சொல்லுங்க, போகப்போக குறையும்" என்றார்.

வரும் வழியில்தான் பொறி தட்டியது. அன்று சிவந்ததும் மாத்திரையால்தானே? கோபமென்று நினைத்து நான் வெந்துகொண்டிருந்தேன். வயிற்றில் பால் வார்த்தாய். சனிக்கிழமை கிளம்பி வா.

உன் தூங்குமூஞ்சி

மார்ச் 17

என்னங்க,

டாக்டர் என்னிடமும் அதையேதான் சொன்னார். சாப்பாட்டோடு போடுகிறேன், எரிச்சல் பரவாயில்லை. முதலாளியிடமும் பேசினேன். "முடியலன்னா நானே சொல்றேன் சார்" என்றேன். திங்கட்கிழமையிலிருந்து மறுபடி கவுன்டர்.

சனிக்கிழமை வருகிறேன். அதற்கு முன் ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்த மாத்திரை டப்பாவை அண்ணன் வீட்டுக்கு வந்த பிறகுதான் பிரித்தேன். அன்று நீங்கள் பார்த்த சிவப்பு என்னுடையது.

ஸ்டேஷனில் என் முகம் சிவந்திருந்தால் டாக்டரைக் கேட்காதீர்கள். என்னைக் கேளுங்கள்.

சிடுமூஞ்சி