மாப்பிள்ளை கேட்டுப் போன வீடு

வைகாசி, ஞாயிறு இரவு.

மகளுக்கு மாப்பிள்ளை கேட்டு இன்று மண்டூருக்குப் போனோம். மாப்பிள்ளையின் தகப்பன் பெயர் யோகராசா என்று தரகர் சொன்னபோது எனக்கு உறைக்கவேயில்லை. அந்தத் தகப்பனாகப் படலையைத் திறந்தவன் என் யோகன். சண்டைக் காலத்தில், தோணிக்குள் ஒரே சாரத்தைப் போர்த்திக் கிடந்தபோது என்னை முத்தமிட்டவன். ஆமிச் சுற்றிவளைப்பில் செத்துவிட்டான் என்றுதான் இத்தனை காலமும் நம்பியிருந்தேன். வாவிக்கு அக்கரையிலேயே இருந்திருக்கிறான், பாவி! ஒரு சொல் அனுப்பவில்லை.

குடிக்கத் தந்த பிளேன்டித் தேத்தண்ணி என் வேட்டியில் சிந்தியது.

"முந்திப் பழக்கமோ?" என்று மனைவி கேட்டாள்.

"இல்ல, இண்டைக்குத்தான் காணுறன்" என்று அவன் முந்திக்கொண்டான்.

எல்லோருக்கும் பிடித்துவிட்டது. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண்வீட்டோடு. அதே முகத்தோடு அவன் மகன் என் வீட்டில் வாழ வரப்போகிறான்.

திரும்பும்போது படலையில் வைத்து யோகன் மெதுவாகச் சொன்னான்: "இனி நான் உன்ட வீட்ட வந்தா ஆரும் ஏனெண்டு கேக்கமாட்டாங்க, சம்மந்தி."